புரி

மீஞ்சூர் பஜார் மருந்துக்கடையில் தும்மலுக்கு மாத்திரை கேட்டால் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஓர் அட்டையில் செட்ரிசின், 10 மில்லிகிராம். இன்னோர் அட்டையில் லெவோசெட்ரிசின், 5 மில்லிகிராம். வேலை ஒன்றுதான், அளவு மட்டும் பாதி. பாதியாக்கியது ‘லெவோ’, லத்தீன் வேரில் ‘இடது’ என்று பொருள்.

செட்ரிசினில் இருவகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. இரண்டிலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆனால் வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒவ்வாமையை அடக்குவது பெரும்பாலும் ஒன்றுதான். அதை மட்டும் தனியாகத் தருவது லெவோசெட்ரிசின்.

இந்தப் பண்புக்கு இயற்பியலாளர் கெல்வின் 1893-இல் ஆக்ஸ்ஃபோர்டு உரையொன்றில் ‘கைரல்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை. நம் பாடநூல்களும் கைரல் என்றே எழுதுகின்றன. அதில் ‘கை’ ஒலிப்பது தற்செயல்; வேர் தமிழல்ல.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘புரி’. வைக்கோலை முறுக்கினால் புரி. மூன்று இழை சேர்ந்தால் முப்புரி. முறுக்கின் திசையையும் அது சொல்லும்: வலம்புரி, இடம்புரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954–55-இல் கொலாஜன் புரதத்துக்குக் கண்ட வடிவமே ஒரு முப்புரிதான். இப்படித் திசை பார்த்து முறுக்கிக்கொண்ட புரதங்களால் ஆன உடல், மருந்திலும் திசை பார்க்கிறது.

வலம்புரி என்று நாம் சொல்லும் சங்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. உயிரியலார் சங்கின் உச்சியை மேலே வைத்துப் பார்ப்பார்கள். அப்போது நம் வலம்புரி அவர்களுக்கு இடச்சுழி. லெவோசெட்ரிசினும் அப்படித்தான். ஒரே தளத்தில் அதிரும் ஒளியின் தளத்தை இடப்பக்கம் திருப்புவதால் அது ‘லெவோ’. அணுக்களின் அடுக்கை வைத்துப் பார்த்தால் அதற்குக் குறி ‘ஆர்’, அதாவது வலது. எதை வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லாமல் திசை சொல்ல முடியாது.

காசநோய் மருந்தான எத்தாம்பியூட்டாலில் இரு புரிகளின் வேறுபாடு இன்னும் கூர்மை. கிருமியை அடக்கும் ஆற்றல் ஒரு புரிக்கே மிகுதி. கண் நரம்பைக் கெடுக்கும் தன்மையோ எதிர்ப்புரிக்கும் உண்டு. கலந்து கொடுத்தால் பலன் கூடாது, கேடு கூடும். ஆகவே மூலப்பொருளிலேயே பிரிக்கிறார்கள். இரு புரியும் கலந்த அமினோபியூட்டனாலுடன் ஒரே புரி கொண்ட டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்தால் இரண்டு உப்புகள் உண்டாகும். எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் உப்பு படிந்து கசப்புநீர் நிற்பதுபோல, ஒன்று படிகமாகும், மற்றது கரைசலில் தங்கும். பிரித்துத் தரும் அந்த அமிலம் நம் குழம்புப் புளியில் இருப்பதுதான்.

இரண்டும் சமமாகக் கலந்ததைப் பாடநூல் ‘சுழிமாய்க் கலவை’ என்கிறது. ஒன்று திருப்பிய ஒளியை மற்றது நேராக்கிவிட, சுழற்சி மாய்ந்துபோன கலவை. இவ்வளவு அழகாக அதற்குப் பெயரிட முடிந்த நமக்கு, பிரித்தெடுத்ததை ‘ஒருபுரி மருந்து’ என்று சொல்லவும் முடியும். சொன்னால், 5 என்று பார்த்ததும் வீரியம் குறைவென்று இரண்டு மாத்திரை கேட்பவருக்குக் கடைக்காரர் ஒரே வரியில் விளக்கலாம்: “இது ஒருபுரிங்க, ஒண்ணு போதும்.”