மூன்றாவதும் பெண்

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போனால் போளூர், கண்ணமங்கலம் தாண்டி கணியம்பாடி வரும். இன்னும் கொஞ்ச தூரத்தில் பாகாயம். கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் நான் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். கணியம்பாடியில் ஏறும் பெண்கள் பூக்கூடையும் கைக்குழந்தையுமாக வந்து என் பக்கத்தில் உட்காருவார்கள். என் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதற்கான பதில் அந்தப் பெண்களைக் கேட்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வில் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஆய்வு எழுதப்படவும் இல்லை.

1983இல் என் இரண்டாவது தங்கை பிறந்தாள். எனக்கு ஏழு வயது. மூன்றாவதும் பெண் என்ற செய்தியோடு வீடு திரும்பிய ஆயா, வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். குழந்தைக்குப் பால் கொடுப்பாள், ஆனால் அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள். சோறு வடிக்க அடுப்பில் வைத்த பானை அடிப்பிடித்துத் தீயும் வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் போய் உட்காருவாள். எதுவும் கேட்டால், "நெஞ்சு அடைக்குது", "உடம்பு பாரமா இருக்குது" என்பாள். அவ்வளவுதான்.

காத்துக் கருப்பு என்றார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். திமிர் என்றும் சொன்னார்கள். ஒரு மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, "அடுத்தது பையனாப் பொறந்தா எல்லாம் சரியாயிடும்மா" என்றார். ஆயா அவளைப் பௌர்ணமிதோறும் மலை சுற்ற அழைத்துப்போனாள். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு. குழந்தை என் இடுப்பில். அம்மா ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தூக்கம் வந்தா போதும்னு" என்றாள்.

உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ மன அமைதி தேடி ஆட்கள் வந்து தங்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் மனம் நொறுங்கியபோது அதற்கு வைக்க எங்களிடம் ஒரு பெயர் இல்லை. பெயர் வைத்தவர்கள் யார், எப்போது வைத்தார்கள், யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியதன் விளைவு இந்தக் கட்டுரை.

மதுரையில் ஒரு மருத்துவர்

மனச்சோர்வு என்பது மேற்கத்தியர்களின் நோய், மற்ற நாட்டு மக்களுக்கு அது அரிதாகவே வரும் என்ற எண்ணம் காலனிய காலத்து மருத்துவர்களிடம் வேரூன்றியிருந்தது. கூட்டுக் குடும்பமும் விதி மேல் பாரத்தைப் போடும் மனமும் இந்தியர்களைக் காப்பாற்றிவிடுகின்றன என்று நம்மவர்களும் சொல்லிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்த எண்ணத்தை நோயாளிகளைக் கணக்கெடுத்துச் சோதித்தவர்களில் முக்கியமானவர் மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஏ. வெங்கோபராவ். 1960களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் மனச்சோர்வையும் தற்கொலை முயற்சியையும் விடாமல் ஆராய்ந்தார்.

1965இல், இன்று ராஜாஜி மருத்துவமனை என்று அழைக்கப்படும் எர்ஸ்கின் மருத்துவமனையில் தற்கொலைக்கு முயன்று சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றி எழுதினார். 1966இல் மனச்சோர்வுள்ள முப்பது பேரைப் பற்றி எழுதினார். தற்கொலை முயற்சி குற்றவியல் சட்டத்தில் குற்றமாக இருந்த காலம் அது. காவல் துறைக்குப் பயந்து குடும்பங்கள் உண்மையை மறைத்த காலத்தில் ஒரு மருத்துவர் அவர்களின் படுக்கையருகே உட்கார்ந்து காரணம் கேட்டது சிறிய காரியமல்ல.

1973இல் இந்தியப் பண்பாட்டில் மனச்சோர்வும் குற்றவுணர்வும் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். 'நான் பாவி' என்று மேற்கத்திய நோயாளி சொல்வதுபோல நம் நோயாளிகள் சொல்வதில்லை என்று பாடப்புத்தகங்கள் சொன்னபோது, முற்பிறவி, கர்மம் என்ற நம்பிக்கைகளோடு சேர்த்து அவர் அதைப் பார்த்தார். இதைப் படித்தபோது எனக்கு ஆயா நினைவுக்கு வந்தாள். 'எந்த ஜென்மத்துல செஞ்ச பாவமோ, மூணும் பொட்டையாப் போச்சி' என்று அவள் சொன்னபோதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். பாவம் செய்தவளாக அந்த வீட்டில் இருந்தது அம்மா ஒருத்திதான். அப்பாவின் முற்பிறவியைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அவருடைய வேலையில் நான் மிகவும் மதிப்பது 1977இல் நம்மாழ்வாருடன் சேர்ந்து பிரிட்டிஷ் மனநல ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. மதுரையில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 122 பேருக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதியது. மனச்சோர்வு ஒருமுறை வந்து போவதோடு முடிவதில்லை, பலருக்குத் திரும்ப வருகிறது. ஆகவே சிகிச்சை என்பது மாத்திரைச் சீட்டு எழுதும் அந்த ஒரு நாளோடு தீர்வதில்லை. இப்படிப்பட்ட உண்மைகள் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் மட்டுமே தெரியவரும். 1982இல் மாதவனுடன் சேர்ந்து மதுரைக்கு அருகே முதியவர்களிடையே எடுத்த கணக்கில், அறுபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மனச்சோர்வு இருந்தது. கூட்டுக் குடும்பம் காப்பாற்றும் என்ற கதைக்கு அதுவும் ஒரு பதில்.

மாத்திரையும் அதற்கு அப்பாலும்

மருந்தின் கதையும் நமக்குத் தெரிய வேண்டும். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் லித்தியத்தின் பயனைக் கண்டார். 1956இல் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் குன் இமிப்ரமின் என்ற மருந்தை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அது வேலை செய்கிறது என்று அவருக்கு முதலில் காட்டிய நோயாளி ஒரு பெண். அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் ஒப்புதல் பெறாமலேயே பல மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதை 2019இல் வெளியான வரலாற்று ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் மாத்திரைகளின் பின்னால், கேட்கப்படாத பெண்களும் இருக்கிறார்கள்.

இதனால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1983இல் அம்மாவுக்குச் சரியான மருந்து கிடைத்திருந்தால் அந்த விடிகாலைகள் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் மாத்திரை எழுதும் கை, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லையென்றால் பாதி வேலைதான் நடக்கிறது. மருத்துவமனை வாசலுக்கு வந்தவர்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகளுக்கும் இந்த எல்லை உண்டு. பேருந்துக் காசுக்குக் கணவன் கையை எதிர்பார்க்கும் பெண், மாமியார் அனுமதியில்லாமல் படி தாண்டாத பெண், எர்ஸ்கின் மருத்துவமனையின் கணக்கில் எப்படி வருவாள்?

1978இல் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கினார்கள். நோயாளிகளோடு நிற்காமல் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை வீடுவீடாகப் போய்ச் சந்தித்தார்கள். பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தது, வீட்டில் மூன்றும் அதற்கு மேலும் சிறு பிள்ளைகள், வெளியே வேலை இல்லாதது, மனம்விட்டுப் பேச ஆளில்லாதது. துன்பம் வரும்போது இப்படிப்பட்ட நிலையிலுள்ள பெண்களே மனச்சோர்வில் விழும் வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். நம் நாட்டில் பார்கவி தாவர் 1999இல் இந்தியப் பெண்களின் மனநலம் பற்றி எழுதிய நூல், பெண்களின் அன்றாட மனத்துயரத்தைப் பெண்ணியத்தின் கேள்வியாக முன்வைத்தது.

கணியம்பாடிப் பெண்கள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1957இல் அதைத் தொடங்கிய புளோரன்ஸ் நிக்கல்ஸ் கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர். நோயாளியைப் பூட்டிவைக்காமல், குடும்பத்தாரும் உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை அங்கே வளர்ந்தது. அதே கல்லூரியின் சமூக நலத்துறை கணியம்பாடி ஒன்றியத்தில் பிறப்பையும் இறப்பையும் ஊர் ஊராகப் பதிவு செய்துவந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் நான் சொல்லப்போகும் ஆய்வு நடந்தது.

கருவுற்று கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களை முதலில் சந்தித்தார்கள். குழந்தை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அவர்களில் 301 பேரை மறுபடி சந்தித்தார்கள். நேர்காணல் தமிழில் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. 2002இல் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் சந்திரன், தர்யன், முளியில், ஆப்ரஹாம் ஆகிய நால்வர். யாருக்கு வந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இவை: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்திருக்கையில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைகொடுத்து உதவ ஆளில்லாதது.

இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது நூலகத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். ஐந்தும் எங்கள் வீடு.

அதே 2002இல் கோவாவில் விக்ரம் படேலும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்விலும் பெண் குழந்தை பிறந்ததும் கணவனின் வன்முறையும் காரணங்களாக வந்தன. அங்கே 252 தாய்மார்களில் 59 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 23 பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2004இல் கணியம்பாடியிலிருந்தே இன்னொரு கணக்கு வந்தது. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஒரு லட்சத்துக்குப் பெண்களில் 148 பேர், ஆண்களில் 58 பேர். எண்ணத் தொடங்காத வரையில் இந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டின் இரகசியமாக மட்டுமே இருந்தார்கள்.

எண்ணியாயிற்று, பிறகு? எல்லை தாண்டி ஒரு பதில் இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் மற்றவர்களும் மனநல மருத்துவர்களுக்காகக் காத்திருக்காமல், ஊரிலேயே வேலைசெய்யும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போனார்கள், பேசினார்கள், குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அப்படி உதவி கிடைத்தவர்களில் 23 விழுக்காட்டினரும் கிடைக்காதவர்களில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வில் இருந்தார்கள். நம் கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசிக்கு வரும்போது, 'குழந்தை எப்படி இருக்குது' என்பதோடு 'நீ எப்படிம்மா இருக்கிற' என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கான படிவமும் இருக்கிறது. எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூரில் 2005இலேயே சரிபார்த்துவிட்டார்கள்.

அம்மா கேட்டது

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த நாட்களிலிருந்து அவள் மீண்டது மருந்தாலா, மலையாலா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த தெருவில் தையல் பழக்கிய ஒரு அக்கா, தினமும் மத்தியானம் அவளை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். சில மாதங்களில் அம்மா ரவிக்கை தைத்தாள், கையில் காசு வந்தது. பேச்சும் திரும்ப வந்தது. 2010இலும் ஒருமுறை அந்தப் பாரம் திரும்பியது. அப்போது மருத்துவரிடம் போனோம், மாத்திரை சாப்பிட்டாள், தேறினாள். மதுரைப் பேராசிரியர் 122 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தது எங்கள் வீட்டிலும் உண்மையாக இருந்தது.

போன கார்த்திகை தீபத்தன்று மாடியில் உட்கார்ந்து அந்த ஐந்து காரணங்களையும் அவளுக்குப் படித்துக்காட்டினேன். மலையுச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதக் கண்டுபுடிக்க இத்தன டாக்டருங்களா? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே" என்றாள்.

"கேட்டாங்கம்மா. உன்ன இல்ல. உன்ன மாதிரி 359 பேரக் கேட்டாங்க. கேட்டதாலதான் இன்னைக்கு நான் உனக்குப் படிச்சுக்காட்ட முடியுது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுங்க பின்னால எப்படி இருந்தாங்களாம்?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டுரை பன்னிரண்டாம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அன்று பிறந்த மகள்கள் இப்போது இருபது வயதைத் தாண்டிய பெண்கள். வேலூர்ப் பேருந்தில் யாராவது ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் யாராவது திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தப் பாரம் இருந்தால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் தமிழில் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் யாருக்காவது இருந்தால், அவளை மத்தியானம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.