பெரியப்பாவின் புல்லட்டும் காணாமல் போன தங்கக் கோடும்



போன வாரம் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் பெரியப்பாவின் பழைய புல்லட். தூசி தட்டி, கழுவி, வெயிலில் நிறுத்தியிருக்கிறான். கூடவே ஒரு கேள்வி. "அத்தை, டேங்கின் வலது பக்கம் தங்கக் கோடு அப்படியே இருக்கிறது. இடது பக்கம் மட்டும் ஏன் காணோம்?"

பதில் எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு. டீச்சர் அல்லவா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் ரோந்து போக நம் ராணுவம் 1950-களில் 800 புல்லட்டுகள் கேட்டது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலை அப்படி வந்ததுதான். டேங்கில் ஓடும் அந்தத் தங்கக் கோடு ஸ்டிக்கர் அல்ல, இயந்திரம் போட்டதும் அல்ல. ஸ்கேல் கூட வைக்காமல், மெல்லிய தூரிகையால் மூச்சை அடக்கி ஒருவர் இழுத்த கோடு.

இனி பெயிண்ட். நூறு வருடத்துக்கு முன் கார்களுக்கு அடித்த வார்னிஷ் வகைப் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் காய்ந்தது கறுப்பு எனாமல்தான். 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. டூபாண்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டூகோ' என்ற லாக்கரைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்தது. சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் 'டூகோ பெயிண்ட்' என்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் லாக்கர் தானாகப் பளபளக்காது. தேய்த்தால்தான் மினுக்கும். வெயிலில் கிடந்தால் எனாமலோ லாக்கரோ, மேல் தோல் செத்துச் சுண்ணாம்பு போல மங்கும். அப்படித்தான் பாலிஷ் டப்பாக்கள் வீடுகளுக்குள் நுழைந்தன.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷில் நுண்ணிய அரைபொடி இருக்கிறது. அது செத்த தோலைச் சீவி எடுக்கும். மெழுகு எதையும் எடுக்காது, மேலே படர்ந்து தண்ணீரையும் தூசியையும் தள்ளும். நல்ல மெழுகு பிரேசில் நாட்டு கார்னாபா பனையின் ஓலையிலிருந்து வருகிறது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலைக்கே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்து உதிர்ப்பார்கள். 80 டிகிரி தாண்டினால்தான் உருகும் என்பதால் வெயிலில் காயும் டேங்கிலும் நிற்கும்.

1940-களில் சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் கார் மெழுகு விற்ற கதை வேடிக்கையானது. பேஸ்பால் மைதானத்தில் நிறுத்தியிருந்த கார்களில் ஒரு பக்க மட்கார்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, சொந்தக்காரர் வரும்வரை காத்திருப்பாராம். வந்தவர் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் போவாரா? பின்னாளில் டர்ட்டில் வாக்ஸ் என்று உலகமெல்லாம் விற்றது அவர் சரக்குதான்.

நானும் ஒரு பக்கம் மட்டும்தான் தேய்த்தேன்.

1974. எட்டாம் வகுப்பு. பெரியப்பா புல்லட்டை ஓட்ட விடமாட்டார், துடைக்க மட்டும் விடுவார். ஞாயிறுதோறும் பழைய பனியன் துணியும் ஒரு பாலிஷ் டப்பாவும் எனக்கு. வண்டி திண்ணைச் சுவரை ஒட்டி நிற்கும். வலது பக்கம் கை நுழையாது. அதனால் இடது பக்கத்தையே தேய்த்தேன். துணி கறுப்பாகும். அழுக்கு வருகிறது என்று இன்னும் அழுத்தினேன். வந்தது அழுக்கு அல்ல, பெயிண்ட். ஒரு நாள் துணியில் மஞ்சளாகவும் வந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. தீபாவளிக்கு முன்பு பார்த்தால் கோட்டைக் காணோம்.

பெரியப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு துணி இருந்தது, டப்பா இல்லை.

இப்போதைய வண்டிகளில் நிறத்துக்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. தேய்த்தால் துணியில் நிறம் வராது. அதனாலேயே தேய்வது கண்ணுக்குத் தெரியாது. மேட் பெயிண்ட் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் மெழுகும் போடாதீர்கள், திட்டுத் திட்டாக மினுங்கி அசிங்கமாகிவிடும்.

அண்ணன் மகனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். இடது பக்கமும் கோடு போட ஆள் பார்த்திருக்கிறானாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான். மெழுகு மட்டும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.