தோழமையே பயிற்சி: அசரியாவின் வாலிபர் பணியாண்டுகள் தரும் பாடம்

இளைஞர் ஊழியத் தலைவர்களைப் பயிற்றுவித்தல் என்றவுடன் முகாம், பாடத்திட்டம், நிதி ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். சேகரத்தில் ஓர் இளைஞரைச் செயலராகத் தெரிந்தெடுக்கிறோம். மூன்று நாள் முகாமொன்றுக்கு அனுப்புகிறோம். அதன்பின் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி தவறும்போதுதான் அவர் நம் நினைவுக்கு வருகிறார். ஓரிரு ஆண்டுகளில் அவர் சோர்ந்து விலகுகிறார். பயிற்சி போதவில்லை என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு சரியானதுதானா? நம் திருச்சபை வரலாற்றில் ஓர் இளந்தலைவர் உருவான விதத்தை ஆராய்ந்தால், இவ்வினாவுக்கு விடை காண வழி பிறக்கும்.

1. ஒப்புவிக்கப்பட்ட பொறுப்பு

ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் தோன்றியது. அதனைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் அப்போது துணிக்கடையொன்றில் வேலை பார்த்துவந்த இருபத்திரண்டு வயது இளைஞர். வாலிபர் பணியை வாலிபரே பொறுப்பேற்று நடத்தலாம் என்னும் உண்மை அச்சங்கத்தின் பிறப்பிலேயே அடங்கியிருந்தது. 1890இல் டேவிட் மக்கானகி சென்னையில் இப்பணிக்கு அடித்தளமிட்டார்.

இச்சங்கத்தில் 1895ஆம் ஆண்டு செயலராகச் சேர்ந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளிவந்தவர். இறையியற் கல்லூரியில் அவர் பயின்றதில்லை. குருப்பட்டமும் அப்போது பெற்றிருக்கவில்லை. நம் நாளின் விதிகளின்படி பார்த்தால், அவரை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லியிருப்போம். அன்றோ, இருபத்தொரு வயதளவில் அவரிடம் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. 1909 வரை அவர் அப்பணியில் நிலைத்திருந்தார். தகுதி வந்தபின் பொறுப்பு என்பது நம் வழக்கம். பொறுப்பினாலேயே தகுதி வளர்ந்தது என்பது அவர் வரலாறு.

2. உடன் நடந்த தோழர்

பொறுப்பை ஒப்புவித்தது மட்டும் போதுமானதாக இருந்திருக்குமா? இருந்திராது. 1896இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி, அசரியாவைவிட மூன்று வயதே மூத்தவர். அவர் தமிழ் கற்றார். அசரியாவுடன் ஊர் ஊராகப் பயணம் செய்தார். இருவரும் சேர்ந்து நற்செய்திப் பணி ஆற்றினர். இவர்களில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணாக்கர் என்று பிரித்துக் கூற இயலாது. அந்நிய ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளையரும் ஓர் இந்தியரும் சரிநிகராய்ப் பழகுதல் எளிதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பொருள் சேர்த்துக் கடல் கடந்து தமிழகத்திற்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டார். எண்ணிக்கையில் பெருகிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு செய்யவில்லையே என்னும் எண்ணம் அவரை வாட்டியது. அதன் விளைவாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னின்றார். பயணம், அதனால் நேர்ந்த மனக்குத்தல், அதிலிருந்து எழுந்த செயல் என்னும் இவ்வரிசையை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். எப்பாடத்திட்டமும் இதனை வகுத்துக் கொடுத்திருக்க இயலாது.

3. எடின்பரோவில் எழுந்த குரல்

1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேராளர் இருந்தனர். ஆசியர் இருபதின்மருக்கும் குறைவே. அங்கு பேசிய அசரியா, மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்ட பின்னர், தங்களுக்கு நண்பர்களைத் தருமாறு வேண்டினார். அவையில் சிலருக்கு அவ்வுரை கசந்தது.

இவ்வுரையை இன உறவு பற்றியதாகவே நாம் வழக்கமாகக் கற்பிக்கிறோம். அது தவறன்று. ஆயினும், ஊழியர்களைத் தாங்குதல் பற்றிய உரையாகவும் அதனைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. சுதேச ஊழியருக்குச் சம்பளம் இருந்தது, மேற்பார்வை இருந்தது, அறிக்கை கேட்போரும் இருந்தனர். ஆனால், சமமாய் அமர்ந்து பேசுவோர் அரியராயினர். தோழமையின் இனிமையைத் தாமே சுவைத்தவராதலின், அது இல்லாமையின் கொடுமையை அசரியாவால் எடுத்துரைக்க முடிந்தது. நட்பு நீங்கிய ஆதரவு வெறும் மேற்பார்வையாகச் சுருங்கிவிடும்.

4. தோர்ணக்கல்லில் தொடர்ந்த நெறி

1909இல் அவர் சங்கப் பணியை விட்டுத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார். 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அருட்பொழிவு பெற்றார். அங்கே கிராம ஊழியரைப் பயிற்றுவித்தபோது அவர்தம் மனைவியரையும் சேர்த்தே பயிற்றுவித்தார். அவர் துணைவியார் அன்பு மரியம்மாள் இதில் பெரும்பங்கு ஏற்றார். ஊழியர் தனிமனிதர் அல்லர். அவர் குடும்பமும் தாங்கப்பட வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

5. நம்மை உறுத்தும் வினா

இவ்வரலாற்றில் நமக்குப் பெருமை மட்டும் இல்லை, கண்டனமும் உண்டு. அசரியா வளர்ந்தது திருச்சபையின் நிர்வாக அமைப்புக்கு வெளியே இயங்கிய ஒரு சங்கத்தில். சேலத்தில் பிறந்து, 1916இல் அச்சங்கத்தின் தேசியப் பொதுச்செயலராகி, அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் எனப் பெயர் பெற்ற கே. டி. பால் அவர்களின் ஆற்றலுக்கும் அங்கேதான் பரந்த களம் கிடைத்தது. நம் சிறந்த இளைஞருக்குச் சபையின் மதிலுக்கு வெளியே கிடைத்த நம்பிக்கையும் தோழமையும் மதிலுக்கு உள்ளே ஏன் அரிதாயின? இவ்வினா நூறாண்டு கடந்தும் நம் முன் நிற்கிறது.

முகாம்களும் பாடங்களும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவை தேவையே. ஆனால், அவற்றை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுதல் பிழை. ஒவ்வோர் இளைஞர் தலைவருக்கும் உடன் நடக்கும் ஆயர் ஒருவர் வேண்டும். திங்கள்தோறும் அவரோடு அமர்ந்து, திட்டங்களைப் பற்றி மட்டுமன்றி அவருடைய படிப்பு, வேலை, வீட்டுத் துயர், விசுவாசப் போராட்டம் ஆகியவற்றைப் பற்றியும் ஆயர் கேட்டறிதல் வேண்டும். தவறு நேர்ந்தால் சபையாருக்கு முன் அவருக்காக நிற்றல் வேண்டும். இறையியல் மாணவரும் களப்பயிற்சிக் காலத்தில் நிகழ்ச்சி நடத்தக் கற்பதோடு, ஓர் இளைஞருக்கு நண்பராயிருக்கவும் கற்றல் வேண்டும். பவுல் அடிகளார் தீமோத்தேயுவைக் கடிதங்களால் மட்டும் உருவாக்கவில்லை. முதலில் தம்மோடு பயணத்திற்கு அழைத்துக்கொண்டார் என்பதை நாம் அறிவோம்.

எடின்பரோவில் கேட்கப்பட்டது மேல்நாட்டாரிடம் மட்டும் கேட்கப்பட்டது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. மேல்நாட்டு மிஷனெரிகள் அமர்ந்திருந்த இருக்கைகளில் இன்று அமர்ந்திருப்பவர் நாமே. நம் சேகரத்து இளைஞர் அதே வேண்டுகோளோடு நம் வாசலில் நிற்பாராயின், நாம் அவருக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?