உறையும் முகவரியும்

கடிதத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதைப் பொதிந்து வரும் உறையைப் பற்றி எண்ணியோர் சிலரே. ஆனால் உறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சுற்றியுள்ள சொற்களுக்கோ அதனினும் நீண்ட வரலாறு உண்டு.

பண்டைத் தமிழர் கடிதத்தை ‘முடங்கல்’ என்றனர். ஓலையைச் சுருட்டி முடக்கி அனுப்பியதால் வந்த பெயர் அது. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் முடங்கல், மண் இலச்சினையுடன் கோவலன் கைக்கு வருகிறது. அந்த மண்ணில் பதிந்திருந்த கூந்தலின் நெய்ம்மணமே அனுப்பியவள் யாரென்று அவனுக்கு உணர்த்திவிடுகிறது. மூடிக் காப்பது, இன்னாருடையதென்று சொல்வது ஆகிய இரு பணிகளையும் அன்று மண்ணே செய்தது.

காகித உறை பரவலான வழக்குக்கு வந்தது 1840க்குப் பின்னர்தான். அதுவரை பிரித்தானியாவில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு தபாற் கட்டணம் அறவிட்டனர். உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டதால், மக்கள் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தனர். றோலண்ட் ஹில்லின் சீர்திருத்தம் கட்டணத்தை நிறைக்கு மாற்றியதும் உறை மலிந்தது. அவரது சகோதரர் எட்வின் ஹில்லும் வொறன் டி லா றூவும் 1845இல் உறை மடிக்கும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றனர்.

வேலை எளிதானதே. தாள் அடுக்கின்மீது ‘டை’ என்னும் வெட்டச்சை வைத்து அழுத்தினால், சாய்ந்த சதுரம் போன்ற துண்டுகள் விழும். மூன்று மூலைகளை மடித்து ஒட்டினால் உறை. நான்காவது மூலை கோந்து பூசிய வாய். இம்மூலைகளுக்கு ‘மடல்’ என்பது எத்தனை பொருத்தமான பெயர்! தாழையின் இதழும் மடல், காதின் விளிம்பும் மடல், கடிதமும் மடல்தான். உறையின் முன்புறம் முகப்பு. அம்முகத்தில் எழுதும் வரியே முகவரி.

இந்த ‘முகவரி’ என்ற சொல்லை இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

இலங்கையின் முதல் தபால் முத்திரை வெளியானது 1857இல். அதற்கு முன்பே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோர், செல்லுமிடத்தின் அடையாளத்தைக் கழுத்திலேயே தாங்கி வந்தனர். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை அது. ‘டின் டிக்கட்’ என்பது அதன் பெயர். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. பொதிக்கு விலாசம் கட்டுவதுபோல மனிதருக்கும் கட்டினார்கள். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தகரம் போயிற்று, துண்டும் போயிற்று. முகவரி மட்டும் வரவில்லை. எந்தானை, வெள்ளந்துர போன்ற தோட்டங்களுக்கு வரும் உறைகளில் ஆளின் பெயர், தோட்டம், பிரிவு, கஹவத்தை என்று எழுதுவதே நெடுங்கால வழக்கம். வீட்டிலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. ஒரே விலாசத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒரே பெயரில் பலர். மலையகத் தோட்டங்களில் கடிதம் முதலில் கந்தோருக்குப் போய், பின்னரே லயத்தை அடையும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், ஒரு குடும்பம் எந்த நாட்டுக்கு உரியது என்று முடிவு சொன்ன கடிதங்களும் இவ்வழியேதான் வந்தன. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. அக்குறை இன்னும் முற்றாகத் தீரவில்லை.

உறைக்கு மடலும் வாயும் முகமும் வகுத்த மொழி நம்முடையது. லயத்தின் ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கமும், அதற்குச் செல்லும் பாதைக்கு ஒரு பெயரும் கிடைக்க வேண்டும். அன்றுதான் தோட்டத்துக்கு வரும் கடிதம் உரியவர் கையிலேயே முதலில் பிரிபடும்.