விண்டோசில் பைத்தானின் புற நிரலகங்களைத் தொகுத்தல்

விண்டோசில் பைத்தானின் புற நிரலகங்களைத் தொகுத்தல் என்பது, பைத்தான் நிரல்மொழியின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தான் சார்ந்திருக்கும், பிறர் எழுதிய நிரலகங்களை (லைப்ரரிகளை) மைக்ரோசாப்ட் விண்டோசு இயங்குதளத்தில் இயங்கும் இருமக் கோப்புகளாக மாற்றும் பணியாகும். சிபைத்தான் ஒரு திறந்த மூல மென்பொருள். புற நிரலகங்கள் இன்றித் தொகுத்தாலும் மொழியின் கரு இயங்கும். ஆனால் பாதுகாப்பான இணைய இணைப்பு, தரவுத்தளம் போன்ற வசதிகள் கிடைக்கா.

பின்னணி

லினக்ஸ் வழங்கல்களில் இத்தகைய நிரலகங்களைப் பொதி மேலாளர் நிறுவுகிறது. பல மென்பொருள்கள் ஒரே படியைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோசில் எல்லா மென்பொருள்களும் நம்பியிருக்கக்கூடிய அத்தகைய பொது இருப்பு இல்லை. ஆகவே பைத்தான் தனக்குத் தேவையானவற்றைத் தன் நிறுவியுடன் சேர்த்தே வழங்குகிறது.

முக்கிய நிரலகங்கள்

* ஓப்பன்எஸ்எஸ்எல் - மறையாக்கம், பாதுகாப்பான இணைய இணைப்பு
* எஸ்கியூலைட் - தரவுத்தளம்
* பிசிப்2, எக்ஸ்இசட், சீலிப் - தரவுச் சுருக்கம். பைத்தான் 3.14 (2025) முதல் விண்டோசில் சீலிப்புக்குப் பதிலாக சீலிப்-என்ஜி பயன்படுகிறது.
* லிப்எஃப்எஃப்ஐ - சி மொழி நிரலகங்களிலுள்ள செயற்கூறுகளை அழைத்தல்
* டிசிஎல்/டிகே - வரைகலை இடைமுகம்

தொகுக்கும் முறை

விண்டோசுக்கான தொகுப்புக் கோப்புகள் மூலநிரலின் பிசிபில்டு என்னும் அடைவில் உள்ளன. தொகுப்பியாக விசுவல் ஸ்டுடியோ பயன்படுகிறது. பிசிபில்டு அடைவிலுள்ள ஒரு கட்டளைக் கோப்பு, பைத்தான் திட்டம் தானே பேணும் களஞ்சியங்களிலிருந்து, குறிப்பிட்ட பதிப்புகளை மட்டும் தரவிறக்குகிறது. இதனால் எவர் தொகுத்தாலும் அதே பதிப்புகளே பயன்படுகின்றன.

எஸ்கியூலைட், பிசிப்2, எக்ஸ்இசட் ஆகியவற்றின் மூலநிரல் பைத்தானுடன் சேர்த்தே தொகுக்கப்படுகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தொகுக்க பெர்ல், நாசம் அசெம்பிளர் ஆகியனவும், லிப்எஃப்எஃப்ஐக்கு சிக்வின் சூழலும் தேவைப்படுவதால், இவை முன்பே தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகளாகத் தரவிறக்கப்படுகின்றன. தாமே தொகுக்க விரும்புவோருக்குத் தனிக் கட்டளைக் கோப்புகள் உண்டு.

பொருந்தாமைச் சிக்கல்கள்

32 பிட் நிரலகத்தை 64 பிட் நிரலுடன் இணைக்க இயலாது. இப்பிழை உடனே தெரிந்துவிடும். சி இயக்கநேர நிரலகம் தொடர்பான பிழை அவ்வாறன்று. விசுவல் ஸ்டுடியோ 2013 வரை ஒவ்வொரு பதிப்பும் தனக்கெனத் தனி இயக்கநேர நிரலகத்தைக் கொண்டிருந்தது. ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிக்க முயன்றால் நினைவகம் சிதைந்து, நிரல் எதிர்பாராத இடத்தில் நின்றுவிடக்கூடும். பைத்தான் 2.7 விசுவல் ஸ்டுடியோ 2008 கொண்டும், 3.4 விசுவல் ஸ்டுடியோ 2010 கொண்டும் தொகுக்கப்பட்டன. எனவே அவற்றுக்கான நிரலகங்களையும் அதே பதிப்புகளில் தொகுக்க வேண்டியிருந்தது. விசுவல் ஸ்டுடியோ 2015 உடன் வந்த பொது இயக்கநேர நிரலகம் இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. பைத்தான் 3.5 (2015) முதல் அதுவே பயன்படுகிறது.

பாதுகாப்பு

நிரலகத்தை உடன் சேர்த்து வழங்குவோர், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பையும் ஏற்கின்றனர். 2014 சூனில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பாதுகாப்புக் குறைகள் சில திருத்தப்பட்டன. லினக்ஸ் பயனர்கள் தம் வழங்கலின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைப் புதுப்பித்தாலே போதுமாயிருந்தது. விண்டோசு பயனர்களுக்கோ பைத்தானின் புதிய நிறுவியே தேவைப்பட்டது. 2014 சூலையில் வெளியான பைத்தான் 2.7.8 அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கொண்டிருந்தது.

ஒரு பைத்தான் பதிப்பு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் நிலையை அடைந்தபின், அதன் மூலநிரல் மட்டுமே வெளியிடப்படுகிறது. விண்டோசு நிறுவி வெளியிடப்படுவதில்லை. அந்நிலையில் பழைய நிறுவியைப் பயன்படுத்துவோரிடம் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லே தங்கிவிடுகிறது. அவர்கள் புதிய பைத்தான் பதிப்புக்கு மாற வேண்டும். அல்லது நிரலகங்களோடு பைத்தானைத் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டும்.