மழை பேன்ட்டின் கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் மாதவரத்தில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இடுப்புக்குக் கீழேதான். மேலே என்ன கோட் போட்டாலும் தொடையும் முழங்காலும் மழையை நேராக வாங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, மூலக்கடைப் பக்கம் லாரிகள் வாரி அடிக்கும் சேறு வேறு! நனைந்த பேன்ட்டோடு எட்டு மணி நேர ஷிப்ட் முடிப்பவருக்குத்தான் அந்த அவஸ்தை புரியும்.

1823-ல் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே தடவிக் காப்புரிமை வாங்கினார். (இன்று மாதவரத்துக்குப் பக்கத்து மணலியில், 1969-ல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலும் நாப்தா வருகிறது. அவருக்குக் கிடைத்தது நிலக்கரித் தாரிலிருந்து.) அந்தத் துணி குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூடாக்கும் முறைக்கு 1844-ல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற பிறகுதான் விஷயம் உருப்பட்டது. இந்தியாவுக்கு 1920-ல் சுரேந்திர மோகன் போஸின் டக்பேக், கல்கத்தாவிலிருந்து.

வடசென்னையும் சும்மா இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்தார், அதுதான் எம்.ஆர்.எஃப். ஆனது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். ரப்பரும் சைக்கிளும் பக்கத்திலேயே இருந்தும் மழை பேன்ட்டை யாரும் பெரிதாகத் தேடியதாகத் தெரியவில்லை. காரணம் உடையாகத்தான் இருக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் கோணியைக் கொங்காணியாகப் போட்டால் போயிற்று. கால் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். பேன்ட் யூனிஃபார்ம் ஆனபோதுதான் வந்தது வினை.

1926-ல் வால்டோ செமன் பி.வி.சி.யை வளையும்படி செய்தார். அதனால் மலிவான மழை உடை சாத்தியமானது, ஆனால் உள்ளே வியர்த்துக் கொட்டும். 1969-ல் ராபர்ட் கோர் கண்டுபிடித்ததிலிருந்து பிறந்த கோர்-டெக்ஸ், நீராவியை வெளியே விடும். ஆனால் வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கார்த்திகை மாத மாதவரத்தில் அதற்கு எங்கே போவது? இங்கே அவ்வளவு பணம் போடுவது வீண்.

தொளதொளவென்ற சாதாரண பேன்ட்டே போதும். கணுக்காலில் வெல்க்ரோ பட்டை அவசியம், இல்லாவிட்டால் செயின் கடித்துவிடும். சீட்டில் உரசும் இடத்துத் தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், முதலில் ஒழுகுவது அங்கேதான். ஷூவைக் கழற்றாமல் மாட்ட வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையிலேயே போட்டு, முழங்காலை நன்றாக மடக்கித் தூக்கிப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.