முத்துக் கடலின் பாய்மரங்கள்

மன்னாரின் வரலாறு என்றதும் முத்தின் வரலாறே நம் நினைவில் எழுகிறது. எவ்வளவு சிப்பி எடுக்கப்பட்டது, எவ்வளவு வருமானம் வந்தது, அது எந்த அரசின் கருவூலத்தைச் சேர்ந்தது என்பவற்றை ஏடுகள் விரிவாகவே கூறும். ஆனால், அச்சிப்பிப் பார்களுக்கு மனிதரைச் சுமந்து சென்ற வள்ளங்களைப் பற்றியும், அவற்றைக் காற்றுக்கு இசைவித்த கைகளைப் பற்றியும் அவை பேசுவது மிகக் குறைவு. உழைப்பின் விளைவை எண்ணி எழுதிவிட்டு, உழைப்பவரின் அறிவை எழுதாமல் விடுவது ஆள்வோர் வரலாற்றின் இயல்பு.

முத்துக்குளிப்பு பெரும்பாலும் பெப்ரவரி இறுதிக்கும் ஏப்ரலுக்கும் இடையே நடைபெற்றது. வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் எழாத காலம் அது. அந்நாட்களில் கடல் அமைதியுறும். இரவில் கரையிலிருந்து கடலை நோக்கியும், பகலில் கடலிலிருந்து கரையை நோக்கியும் காற்று வீசும். 1803இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கிலப் படை அதிகாரி இராபர்ட் பெர்சிவல், இக்காற்றின் வழியே ஒரு பெருந்தொழில் எவ்வாறு இயங்கியது என்பதைப் பதிவு செய்துள்ளார். இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி முழங்கும். வள்ளங்கள் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடியுமுன் பாரை அடையும். கதிரவன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அனைத்தும் கரை திரும்பும். வள்ளம் ஒன்றில் தண்டயலுடன் 21 பேர் இருந்தனர். பத்துப் பேர் குளியாளிகள். பத்துப் பேர் தண்டு வலித்து, குளித்தவரைக் கயிற்றால் மேலே தூக்கியவர்கள்.

பாய்ப்படகுப் பந்தயம் இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டு. வார இறுதிப் போட்டிக்கு முன் பாய்மரத்தின் சாய்வைச் சரிபார்ப்பதும், கயிறுகளை இறுக்குவதும் தளர்த்துவதும், அடிப்பாகத்தைத் துப்புரவாக்குவதும் அவ்விளையாட்டின் பாதி. மன்னார்க் கடலில் இதே வேலை வயிற்றுப்பாட்டோடு பிணைந்திருந்தது. எல்லா வள்ளங்களுக்கும் ஒரே காற்று, ஒரே குளிப்பு நேரம். பாயின் தாமான் கயிறு பிசகி, அல்லது மரப் பொருத்தில் நீர் கசிந்து ஒரு வள்ளம் பிந்தினால், அதன் குளியாளிகள் இழந்த நேரத்தை மீட்க வழியில்லை. இங்கே தோல்வி என்பது பரிசை இழப்பதன்று. அன்றைய கூலியை இழப்பது.

இந்த அறிவு ஏட்டில் இல்லாவிடினும் அழிந்துவிடவில்லை. பாக்கு நீரிணையின் தஞ்சைக் கரைத் தோணிகளில் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, காற்று வரும் பக்கத்தில் ஆட்கள் அதன்மேல் ஏறி அமர்ந்து சாய்வைத் தடுப்பதைக் கடலாய்வாளர் ஜேம்ஸ் ஹோர்னல் 1920இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தார். பந்தயப் படகில் மாலுமிகள் விளிம்புக்கு வெளியே சாய்ந்து நிற்பதன் தத்துவமும் இதுவே. எதிர்க்கரையில், தொண்டியை அடுத்த மீனவ ஊர்களில் திருவிழாவையொட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. தொழில் கற்பித்த திறமை அங்கே கொண்டாட்டமாகிறது.

ஆனால் மன்னாரில் அத்திறமையின் பயன் யாருக்குச் சென்றது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரைக்கு வந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்றே குளித்தவருக்கு. எது அவருடையது என்று சுட்டும் உரிமையும் அதிகாரியிடமே இருந்தது. 1906இல் மரிச்சுக்கட்டி முகாமில் அப்பணியைச் செய்தவர்களுள் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். ஏகாதிபத்தியத்தைப் பின்னாளில் கடுமையாக எதிர்த்து எழுதியவர் அவர்.

1905இல் அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை, கம்பனி நொடித்தது. மறுபடி முத்துக்குளிப்பு நடந்தது 1925இல். மூலதனத்தின் அவசரத்துக்குக் கடல் பணிந்து கொடுக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வேலை இழந்தவர்களின் கணக்கை எந்தக் குத்தகைப் பத்திரமும் எழுதவில்லை.

தேசாதிபதி நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகை கடலரிப்பால் இடிந்து நிற்கிறது. முத்துவள்ளங்களின் மரமோ ஒரு துண்டும் நமக்குக் காட்சிக்கில்லை. எனினும் காற்று ஓயவில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைத் திட்டத்தில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் மின்திறனுடன் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் தீவு மக்கள் வீதிக்கு வந்தார்கள். மழைநீர் வடியாமை, மீன்பிடிக்கு நேரும் இடர், வலசைப் பறவைகளின் பாதை ஆகியவை அவர்கள் எழுப்பிய கேள்விகள்.

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது தீமையன்று. மனித குலத்துக்குத் தேவையானதே. ஆனால் கொட்டு அடைப்பில் எழுந்த கேள்வி இங்கும் எழுகிறது. காற்றை அறிந்து அதனோடு வாழ்ந்த மக்களுக்கு எத்தனையாவது பங்கு? பங்கைப் பிரிக்கும்போது சுட்டும் விரல் யாருடையது? வகுப்பறையில் மன்னாரைப் பற்றிப் பாடம் சொல்லும் நாம், முத்தின் விலையோடு இக்கேள்வியையும் மாணவர் முன் வைப்போமானால், தாமான் கயிற்றைப் பிடித்த அந்தப் பெயரறியாக் கைகளுக்கு வரலாற்றில் ஓர் இடம் கிடைக்கும்.